சுக்குக் காப்பியில் கலந்தது

— மறுபடியும் கேக்குறேம்மா. நேத்து உங்க வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார்?

— அதான் சொன்னேனே டாக்டரம்மா. காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு. அம்புட்டுத்தான், ஆத்தா சத்தியமா.

— பேதி ஏதும் போச்சா?

— எனக்கென்ன தெரியும். மல்லிகைத் தோட்டமே கதின்னு கெடக்குற மனுசன்.

— இங்க பாருங்க. விடிஞ்சதுலருந்து நாலு தடவை இதயம் தறிகெட்டு ஓடிருச்சு. நாலு தடவையும் ஷாக் குடுத்துத்தான் நிறுத்தியிருக்கேன். மூணு வருசம் முன்னாடி வந்த அட்டாக்ல உள்ள ஒரு தழும்பு விழுந்திருக்கு. அங்கருந்துதான் கெளம்புது. மருந்துக்கு அடங்கல. மதுரைக்குக் கொண்டுபோயி, தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயம் வரைக்கும் விட்டு, அந்த இடத்தைச் சுட்டாகணும்.

— சுடுறதா? உசுரோட இருக்கையிலயா?

— மிளகளவு இடந்தாம்மா. திண்டுக்கல்ல அதுக்கு வசதி இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஆனா ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ரொம்ப எறங்கிக் கெடக்கு. பேதியானா இப்படி எறங்கும். என்ன ஏதுன்னு தெரியாம அனுப்புனா, அம்மையநாயக்கனூர் தாண்டுறதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்.

— அவளப் போட்டு நோண்டாதீக டாக்டரம்மா. நாந்தேன் குடிச்சேன்.

— சோலைமுத்து ஐயா, நீங்க பேசக் கூடாது.

— பேசாம இருந்து என்னத்தக் கண்டேன். நெலாவரைப் பொடி. மூணு நாளா வயிறு கல்லாக் கெடந்துச்சு. வெயில் காலத்துல பேதிக்குச் சாப்புடுறது வழக்கந்தான? நானே கலக்கிக் குடிச்சேன். எட்டு வாட்டி போச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

— போன மாசந்தான உக்கார வச்சுச் சொன்னேன்? பேதி மருந்தைத் தொடவே கூடாதுன்னு?

— சொன்னீக.

— வீட்ல சொன்னீங்களா?

— கெடக்கு, விடுங்க.

— சரி, காரணம் தெரிஞ்சிருச்சு. வழியெல்லாம் அந்த உப்பை ஏத்திக்கிட்டே போகட்டும். நான் மதுரைக்குப் பேசிட்டு வந்துர்றேன். அம்மா, அவரைப் பேச விடாதீங்க.

— போயிட்டாகளா, ஒச்சம்மா?

— போயிட்டாக. ஏன் பொய் சொன்னீக? சுக்குக் காப்பியில நாந்தான கலந்து குடுத்தேன்.

— நீ குடுத்தன்னு தெரிஞ்சா நம்ம சேவுகம்பட்டி ஊரே உன்னயத்தான பேசும். நாளைக்கு நான் இல்லாமப் போனா அத யாரு தாங்குறது?

— ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?

— எப்பிடிச் சொல்ல? பொங்கலன்னைக்கு வாய மூடுனவதான நீ. மூஞ்சி குடுத்துப் பேசுனியா?

— பெத்த மக புருசனோட வாசல்ல வந்து நிக்கிறா. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பயலக் கட்டுனான்னு சொல்லி ஒரு செம்பு தண்ணி குடுக்க விடல நீக. எப்பிடிப் பேசுவேன்?

— தப்புத்தேன்.

— அம்புட்டுக் கோவத்துலயும் நீக சோறு எறங்காமக் கெடக்குறதப் பாக்க முடியல. கேட்டா வேணாம்பீக. அதான் காப்பியில கலந்தேன். நானே உங்கள எமனுக்குத் தூக்கிக் குடுக்கப் பாத்தேனே.

— இன்னும் போகல, அழுவாத. சுகன்யாவுக்குப் போன் போடு. பிராங்க்ளினயும் கூட்டிக்கிட்டு மதுரைக்கு வரச் சொல்லு.

— நெசமாவா?

— அங்க கையெழுத்துக் கேப்பாகள்ல. மருமகனே போடட்டும்.

— போடுறேன். இந்தா, வண்டி வந்துருச்சு, தள்ளுக்கட்டில் கொண்டாராக. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெலாவரை அம்புட்டு வாட அடிக்குமே. ஒங்களுக்குத் தெரியலயா?

— தெரியாம என்ன, டம்ளரக் கிட்டக் கொண்டாரயிலயே தெரிஞ்சுச்சு. நாலு மாசங் கழிச்சு நீ வந்து, "குடிங்க"ன்னு சொன்ன. கீழ வைக்க மனசு வரல.