கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஜெயராமன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், நம் கம்பெனியின் பழைய சங்கத் தலைவர் கிருஷ்ணப்பா அவர்களே, குழந்தைகளோடு வந்திருக்கும் ஜெயராமனின் மனைவி, சகோதரி மங்களம் அவர்களே, வேலை முடிந்து ஆஸ்டின் டவுன் வரை வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் கேன்டீனில் ஒரு ஜெனரல் மேனேஜரின் மாமனாருக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். அவரை நம்மில் யாருக்காவது தெரியுமா? பதினோரு ஆண்டு நம்மோடு உழைத்த திரு. ஜெயராமன் அவர்களுக்காக நிற்கவில்லை. ஏன்? அவர் கழுத்தில் தொங்கியது மஞ்சள் அட்டை. ஏஜென்ஸி மூலம் வந்த கன்சல்டன்ட்! நிரந்தர ஊழியருக்கான நீல அட்டை போட்டவன் வீட்டில் செத்தால்தான் நிர்வாகத்துக்கு அது சாவு! ஜெயராமன் செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பில் போனார். மாலைக்குள் அவருடைய அட்டையை முடக்கிவிட்டார்கள். கம்பெனி செலுத்திய அஞ்சலி அவ்வளவுதான்.

ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் நாம் தயாரித்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் படுத்துவிடும். ஆறு மாதம் நாங்கள் முட்டி மோதினோம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஜெயராமன். சாஃப்ட்வேரை முதலிலிருந்து திருப்பி எழுதியவர் ஜெயராமன். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் கன்சல்டன்ட் உட்காரக் கூடாது என்பது நம் கம்பெனியின் விதி. தொண்ணூற்றேழில் எக்ஸ்சேஞ்சை வாங்க டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்தபோது, உள்ளே நான் பேசினேன். கதவுக்கு வெளியே, வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பதில் தெரியாத போதெல்லாம் பாத்ரூம் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன்.

“என்ன சார், மறுபடியுமா? உள்ள இருக்கறவங்க உங்களுக்கு ஷுகர்னு நெனச்சுக்கப் போறாங்க.”

“யோவ், சிரிக்காதய்யா. பேசிட்டிருக்கும்போது ஒரு ப்ராசஸர் போயிட்டா போன் கால் கட்டாகுமான்னு கேக்கறான்.”

“ஆகாது சார். பக்கத்துல இருக்கறது எடுத்துக்கும். தைரியமா சொல்லுங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க, வேர்க்குது பாருங்க.”

நான்கு முறை வெளியே வந்தேன். அந்த வருடமே எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது!

தொண்ணூற்றொன்பதில் ஒரு நிரந்தர வேலை காலியானது. ஜெயராமன் விண்ணப்பித்தார். அவர் என்ன வேலை செய்தார் என்று என்னிடம் கடிதம் கேட்டார்கள். ‘சாஃப்ட்வேரை எழுதியது இவரே’ என்று சொன்னால், எனக்கு எதற்குப் பதவி உயர்வு என்று கேட்பார்கள். எனக்குக் கீழே இருந்தவனை எனக்கு மேலே தூக்கி வைத்த கம்பெனி இது. இருந்த ஒரு நாற்காலியையும் விட எனக்கு மனம் வரவில்லை. ‘உதவி செய்தார்’ என்று எழுதினேன். வேலை வேறு யாருக்கோ போனது.

ஜெயராமன் எப்படியோ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, “காபி ஆச்சா சார்?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கக் கூடாதா?

குற்றவாளி நான் ஒருவன்தான் என்று நினைத்து நிம்மதியாக வீடு போய்விடாதீர்கள், நீல அட்டைக்காரர்களே! அந்த ஸ்டூலைத் தாண்டித்தானே எல்லோரும் உள்ளே போனோம்? நம்மில் ஒருவராவது “உள்ள வாங்க” என்று சொன்னோமா?

சகோதரி மங்களம் பணம் கேட்கவில்லை. “அவரு அங்க என்ன வேலை செஞ்சாருன்னு ஒரு பேப்பர் குடுங்க சார். பசங்க கேக்குதுங்க” என்றார். நிர்வாகத்திடம் போனேன். “நம்ம ரெக்கார்ட்லயே இல்லாத ஆளு. ஏஜென்ஸில கேக்கச் சொல்லுங்க” என்றார்கள்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்வது வழக்கம். அவர் செய்த வேலையைத் தொடர எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் ஏன் நான்கு முறை வெளியே வந்திருப்பேன்? என்னால் முடிந்தது ஒன்றுதான். இந்தக் காகிதத்தில், எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேரை எழுதியவர் ஜெயராமன், அதில் என் பங்கு எதுவும் இல்லை என்று எழுதி வந்திருக்கிறேன். ஒரு நகல் சகோதரிக்கு. இன்னொன்று நாளைக் காலை நிர்வாகத்தின் மேசைக்கு. என் நாற்காலியை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தனியாக உட்கார்ந்தால் கை வரவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தலைவர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.