பெருக்கக் கூடாத அறை

"ஹலோ... ஆங், யாரினாதான். சொல்லுங்க சிகுர்ட்... இல்ல, வேலையிலதான் இருக்கேன், பரவால்ல. கரண்ட் போயி லிஃப்ட் நின்னுடுச்சு, படியில ஏறிக்கிட்டு இருக்கேன்... கொஞ்சம் சத்தமா... படுக்கை விரிப்பா? உங்க ரூம் அலமாரியிலேயே மேல்தட்டுல மடிச்சு வெச்சிருப்பாங்களே... ஏன், உங்க விரிப்புக்கு என்ன?... பின்ன எந்தக் கட்டிலுக்கு?"

யாரினா படியில் நின்றாள். தோளில் தொங்கிய பையில் சோதனைக்கு எடுத்த தண்ணீர்க் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கீவ் நகரத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துச் சொல்வது அவள் வேலை. அந்த வேலைக்காகப் படித்து, அவள் வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள்.

"எந்த ரூம்னு சொன்னீங்க?... திரும்பச் சொல்லுங்க."

அவர் திரும்பச் சொன்னார். சிகுர்ட் நார்வேக்காரர், தச்சர். குண்டு விழுந்து உடைந்துபோன பள்ளிக்கூட ஜன்னல்களைச் சரிசெய்ய பொல்தாவா பக்கத்துக் கிராமத்துக்கு வந்திருந்தார். காலியாகக் கிடந்த தன் அறையில் அவரைத் தங்கவைக்கச் சொல்லி அம்மாவிடம் ஏற்பாடு செய்தவள் யாரினாதான். எதிர் அறை அவள் தம்பி ஒஸ்தாப்புடையது. அவன் போர்முனைக்குப் போன காலையில் சாத்திய கதவு. கொஞ்ச நாளில் 'காணவில்லை' என்று ஒரு வரியில் தகவல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

"பெருக்கிட்டீங்களா... பெருக்கித் துடைச்சும் ஆச்சா... சோப்பு போட்டா... சரி. சரி, பேசாதீங்க கொஞ்ச நேரம். நான் யோசிக்கணும்."

யோசிக்க முடியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பூட்ஸ் காலால் உதைத்தாள். அது ஒன்பது மாடிக்கும் கேட்கிற மாதிரி அதிர்ந்தது.

"அம்மா எங்க?... கோயில்லதானே? இன்னும் வரலியே?... நல்லது. நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?... அங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க... இல்லைங்க, சந்தோஷமெல்லாம் பட மாட்டாங்க. எங்கம்மாவுக்கு முழங்கால் வலிங்கறதால அந்த ரூமை விட்டு வெச்சாங்கன்னு நினைச்சீங்களா? மத்த வீடு பூரா முட்டி போட்டுத்தானே கழுவினாங்க?... ஆமா, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன், ஊரே வீட்டைக் கழுவும், சரிதான். அந்த ஒரு ரூமைத் தவிர."

சிகுர்ட்டிடம் ஒரு குட்டிப் புத்தகம் இருந்தது. இந்த நாட்டில் விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எவனோ எழுதியது. அதை அவர் பைபிள் மாதிரி படித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார்.

"பூவை ஒத்தைப்படையில வாங்கிட்டு வந்தீங்க. வாசப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா நின்னு கை குடுக்கல. காலி பாட்டிலை மேசையிலேர்ந்து இறக்கிக் கீழ வெச்சீங்க. எங்கம்மா அதை ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க, நம்ம பையன்களுக்கே இவ்வளவு தெரியாதுன்னு... ஆனா ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்பினா, அவன் திரும்பி வந்து சேர்ற வரைக்கும் பெருக்கக் கூடாது. பெருக்கினா அவன் திரும்பி வர்ற தடத்தைச் சேர்த்துப் பெருக்கித் தள்ளின மாதிரி... ஆமா. புத்தகத்துல இல்லையாக்கும்... ஆமா. அவன் இன்னும் வந்து சேரல... ஆமா, அதனாலதான்... புரிஞ்சுதா? அழாதீங்க. யோவ், அழுவறதுக்கு இப்ப நேரமில்ல."

மேல்மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, அவர்கள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உப்பு சிந்தினாலும் கரண்டி விழுந்தாலும் அர்த்தம் கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்து, எல்லாவற்றோடும் சண்டை போட்டே படித்தவள். போன புதுவருஷத்துக்கு ஊருக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையிலேயே அம்மாவிடம் சொன்னாள்: அந்த அறையைப் பெருக்கித் தொலை, அந்த மண்ணைப் பார்த்து வழி கண்டுபிடித்து உன் பிள்ளை வரப்போவதில்லை. அம்மா கையிலிருந்த தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் போனில் அம்மா அவளிடம் பேசுவதெல்லாம் "ம்", "சரி", "வெச்சுடறேன்" மட்டும்தான்.

"நீங்க செஞ்சீங்கன்னு நினைக்க மாட்டாங்க சிகுர்ட். நான் சொல்லி நீங்க செஞ்சீங்கன்னு நினைப்பாங்க. உங்களை அங்க அனுப்பினது யாரு? நான். பெருக்குன்னு சொன்னது யாரு? நான். இதுக்காகவே ஒரு ஆளை வீட்டுக்குள்ள விட்டேன்னு நினைப்பாங்க... இல்ல, நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. உங்க நல்ல மனசைத்தான் பாராட்டுவாங்க. என்கிட்ட இந்த 'ம்'மும் இருக்காது."

குப்பை எங்கே என்று கேட்டாள். வாளியில்தான் இருக்கிறதாம், அடுப்புப் பக்கத்தில். வீட்டுக்கு ஆகாது என்று வாசல் பக்கமாகத் தள்ளாமல் உள்பக்கமாகவே கூட்டி அள்ளினாராம்.

"அதை மட்டும் படிச்சுட்டாரு... ஒண்ணுமில்ல, எனக்கு நானே பேசிக்கறேன். வாளியை எடுத்துக்கிட்டுப் போங்க. கட்டிலுக்கு அடியில கொஞ்சம், ஜன்னலுக்குக் கீழ கொஞ்சம். திரும்பக் கொட்டுங்க... ஆமாங்க, குப்பையைத்தான். ஈரமா இருக்கா? ஜன்னலைத் திறந்து வைங்க, காயட்டும்... சிரிங்க, சிரிங்க. எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி படிக்கட்டுல நின்னு குப்பையைக் கொட்டச் சொல்றா... சிரிக்கலியா? நான் சிரிப்பேன் உங்க இடத்துல இருந்தா."

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"கட்டில் பக்கத்துல ஒரு பூட்ஸ் தடம் இருந்துச்சே. சேத்துத் தடம். இடது கால்... அதையும் துடைச்சீங்களா... கத்தியால சுரண்டினீங்களா."

படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒஸ்தாப் கிளம்பிய அன்றைக்கு மழை. வாசல் கேட் வரை போனவன், போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடிவந்தான். கிளம்பியவன் திரும்பி வரலாமா என்று அம்மா பதறினாள். பரிகாரமாகக் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் போனான். அந்த ஓட்டத்தில் பதிந்த தடம் அது. அம்மா அதைச் சுற்றித்தான் நடப்பாள்.

"எழுந்திருங்க. கொட்டகையில அவனோட பழைய ரப்பர் பூட்ஸ் இருக்கும். அதே அடிதான், ஒரே கடையில வாங்கினது... பொய்தான். ஆமா, பொய்தான் சிகுர்ட், நான் இல்லேன்னு சொல்லல. உண்மையை நீங்க போய் அவங்ககிட்ட சொல்றீங்களா? ஆர்மி ஆபீசுல சொல்ல முடியாததை நீங்க சொல்றீங்களா?... அப்ப பூட்ஸை எடுங்க."

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. நாய் சங்கிலியை இழுத்துக் குரைத்தது. கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. இடது பூட்ஸில் ஏற்கெனவே சேறு ஒட்டியிருக்கிறது, ஈரம்கூட முழுசாகக் காயவில்லை என்றார் அவர்.

"அம்மா தோட்டத்துக்குப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க, விடுங்க. மண்ணு எடுங்க. தோட்டத்துக் கரிசல் வேண்டாம், காஞ்சா வெடிச்சு உதிர்ந்துடும். கேட்டுக்கு வெளிய ரோட்டோரம் களிமண் இருக்கும் பாருங்க, அது... தண்ணி ரொம்ப விடாதீங்க. ரொட்டி மாவு பதம்... தண்ணியில கலங்குற மண்ணை நாள் பூரா பாக்கறதுதான் என் வேலை, எந்த மண்ணு எப்படிக் காயும்னு என்னைக் கேளுங்க... அங்க கரண்ட் இருக்கா? என் மேசை டிராயர்ல ஹேர் டிரையர் இருக்கு. தடத்தைப் பதிச்சுட்டு அதால காய வைங்க. மேல ஒரு பிடி தூசியைத் தூவுங்க, பழசா தெரியும்."

அப்போது போனுக்குள் கோயில் மணி அடித்தது.

பூசை முடிந்துவிட்டது. பெரிய வியாழன் மெழுகுவர்த்தியை ஏற்றி, அந்தச் சுடர் அணையாமல் வீடுவரை கொண்டுவந்து, அதன் புகைக்கரியால் வாசல் நிலையில் சிலுவை போடுவாள் அம்மா. முழங்கால் வலியோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி, கையால் சுடரைப் பொத்திக்கொண்டு வருவாள். மெதுவாகத்தான் வருவாள். எவ்வளவு மெதுவாக என்று யாரினாவுக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு வரமுடியாது, வேலை இருக்கிறது என்று அவள் போன வாரமே சொல்லியிருந்தாள். வேலை ஒன்றும் இல்லை.

"பதிச்சாச்சா?... நல்லா அழுத்துங்க, அவன் உங்களை விடக் கனம்... காயுதா?... சீக்கிரம்... போன்ல சார்ஜ் வேற செத்துக்கிட்டிருக்கு, நீங்க பேசாதீங்க, காய வைங்க... என்ன சத்தம் அது? வாசல் கேட்டா?... ஹேர் டிரையரை அணைங்க. கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. சிகுர்ட்?... சிகுர்ட், அங்க என்ன நடக்குது?"

போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டார் போலிருக்கிறது. காலடிச் சத்தம். அம்மாவின் இருமல். யாரினா போனைக் காதில் அழுத்தியதில் காது வலித்தது. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். தட்டு உடைகிற சத்தத்துக்குக்கூடத் தயாராக இருந்தாள்.

"அம்மா?... ஆமாம்மா, நான்தான். மெழுகுவத்தி அணையலியே?... ம்... இல்லம்மா. நான் சொல்லல. அம்மா, கேளு, நான் சொல்லவே இல்ல... அவருக்குத் தெரியாதும்மா, ஊரே கழுவுதேன்னு அவரும் கழுவிட்டாரு. உனக்கு உதவின்னு நினைச்சு... சத்தியமா. ஒஸ்தாப் மேல சத்தியமா."

சொன்ன பிறகுதான் அவன் பேரை இத்தனை மாதத்தில் அம்மாவிடம் அவள் சொன்னதே இல்லை என்பது உறைத்தது.

"தடமா?... அது... ஆமா. அது நான்தான் செய்யச் சொன்னேன். அதுக்கு நீ என்னைத் திட்டு. பழைய பூட்ஸை எடுத்து... என்ன?... யாரு?... நீயா?"

எழுந்து நின்றுவிட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா?... அடுப்பு மூட்டினா அந்தச் சூட்டுல வெடிச்சுடுமா... அதனால மழை பேய்றப்பல்லாம் நீயே பூட்ஸைச் சேத்துல முக்கி... அப்ப நான் புதுவருஷத்துக்கு வந்தப்ப பாத்தது?... அதுவும் நீதானா... அம்மா, ஏம்மா என்கிட்ட சொல்லல... ஆமா. கேலிதான் பண்ணியிருப்பேன். ஆமா."

அம்மா பேசிக்கொண்டே போனாள். புதுவருஷத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி யாரினா கேட்டதில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அசந்துபோன குரல், மூட்டையை இறக்கி வைக்கிறவளின் குரல்.

"இல்ல... இல்லம்மா, நான் புதுவருஷத்துல சொன்னது சரியில்ல. அது ஏதோ கோவத்துல... சேறுதான், ஆனா... இல்ல, நீ துடைக்காத. பெரிய வியாழனாவது ஒண்ணாவது, துணியைக் கீழ போடு. அவரு தெரியாம பெருக்கினாரு, நீ தெரிஞ்சு பெருக்கப் போறியா?... நான் படிச்சவதான். படிச்சவ சொல்றதெல்லாம் சரின்னு எப்பலேர்ந்து உனக்கு?... அம்மா, குனியாத. முழங்கால்... அம்மா?"

போனில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. குனிந்திருப்பாள். மெழுகுவர்த்தியைத் தடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா?... எந்தப் பக்கம்னா?... விரல் பக்கம் கட்டிலைப் பாத்து இருக்கா."

யாரினா கண்ணை மூடிக்கொண்டாள். ஒஸ்தாப் விட்டுப்போன தடம் கதவைப் பார்த்து இருந்தது. அவனும் வெளியே போகிற காலைத்தான் பதித்துவிட்டுப் போனான். அம்மாவும் மழைக்கு மழை அதையே, அதே பக்கம் பார்த்துப் பதித்துவந்தாள்.

"நான் அவருகிட்ட எந்தப் பக்கம்னு சொல்லலம்மா. மறந்துட்டேன். அவருக்கு எங்க தெரியும், அவரு பாட்டுக்கு... ஆமா. உள்ள வர்ற மாதிரி... ஆமாம்மா, தெரியுது. வந்து கட்டில்ல உக்கார்ற மாதிரி."

யாரினா பையைத் தோளிலிருந்து கழற்றிப் படியில் வைத்தாள்.

"அவரு இன்னும் அழுவறாரா? டீ போட்டுக் குடு. நானும் கண்டபடி கத்திட்டேன்... சிலுவை போட்டுட்டியா வாசல் நிலையில?... அந்த ரூம் நிலையிலயும் போடு. சுடர் அணையறதுக்குள்ள போடு... துணியைக் கீழ வெச்சியா? நிஜமா?... சனிக்கிழமை காலையில முதல் பஸ்ஸுல வந்துடுவேன். வேலையெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்... எனக்கும் ஒரு ஈஸ்டர் ரொட்டி சுடு... அம்மா, சார்ஜ் போகப் போகுது, இதை மட்டும் கேட்டுக்கோ. அதை மிதிச்சுடாத. உடைஞ்சா நான் வந்து களிமண்ணுல பதிச்சுத் தர்றேன், இதே பக்கமா. நீ பெருக்காத. அவன் வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் பெருக்காத, நானே சொன்னாலும்..."

திரை கறுப்பாகியிருந்தது.