முன்னால் போகிற வண்டி

சாயங்காலம் அஞ்சே முக்கால். நல்லா கேட்டுக்குங்க, நடுராத்திரி இல்ல. பேய்க்கு என்ன கடிகாரமா கட்டி விட்டிருக்கு? நவம்பர் மாசம். வெளிச்சம் பாதி போயிருச்சு, பாதி இருக்கு. டன்ரோ ஊருக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் பைன் மரம். ஒரு வீடு கிடையாது... ஒரு ஆள் கிடையாது.

கோரின் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றா. கோரின் தெரியும்ல? என்கூட மீன் பிடிக்க வருவானே லீலண்ட், அவன் பொண்டாட்டி. எட்னா, நீ கொஞ்சம் இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, இப்ப என்ன வெக்கம்?

கோரினுக்கு சுற்றுலா ஆபீஸ்ல வேலை. சின்னச் சின்ன ஊரா போய் நாலு நாள் தங்கணும். வெளியூர்க்காரன் வந்தா பார்க்க இங்க என்ன இருக்குன்னு மார்க் போடணும். கக்கூஸுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. நூத்துக்கு அம்பது வந்தா பெரிய ரோட்டுல ஊர் பேரைப் போட்டுப் பலகை வைப்பாங்க, ஆள் வரும், ஊர் பொழைக்கும். வரலேன்னா அம்போதான்.

மூணாம் நாள் வரைக்கும் டன்ரோ வாங்கினது முப்பத்தெட்டு. என்ன இருக்கு அங்க? கோர்ட்டு வாசல்ல ஒரு துருப்பிடிச்ச பீரங்கி. பீச் பழம் மாதிரி பெயிண்ட் அடிச்ச தண்ணித் தொட்டி. மூடிப்போன தையல் ஃபேக்டரி. வோண்டாவோட சாப்பாட்டுக் கடையில வறுத்த கெளுத்தி மீனுக்கு மட்டும் பத்துக்கு ஒம்பது போட்டிருந்தா. மேயர் வந்து, “ஏம்மா, எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லையா? பள்ளிக்கூடத்தையும் மூடப்போறாங்களாம்”னு கேட்டாராம். கோரின் இளகின மனசுக்காரி. எப்படியாவது பன்னெண்டு மார்க் தேத்தணும்னு அலைஞ்சா. அந்த நல்ல மனசுதான் அவளுக்கு வினையாப் போச்சு.

அன்னைக்கு ஊருக்குள்ள திரும்பி வர்றா. முன்னால போன லாரி திடீர்னு ஓரம் கட்டுது. எதிர்ல வந்த கார் ஓரம் கட்டுது. அதுக்குப் பின்னாடி ஒரு டிராக்டர். ஓட்டுறவங்க தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாங்க. நாம எல்லாரும் செய்யறதுதானே. சாவு ஊர்வலம் வந்தா ஒதுங்கி நின்னு, அது போற வரைக்கும் மரியாதை பண்றது. வளர்ப்பு அப்படி. கோரினும் ஓரம் கட்டினா... காத்துக்கிட்டிருந்தா.

ஊர்வலம் வரல. ரோடு காலி.

ஆனா சத்தம் வந்துச்சு. டயர் சரளைக்கல்லை நசுக்கற சத்தம். மெதுவா... ரொம்ப மெதுவா. ஒண்ணு... ரெண்டு... எண்ணினா, ஏழு வண்டி. வாடின பூவோட நாத்தம், கூடவே புதுசா வெட்டின மண்ணு வாசனை. அவ ஜன்னலை ஒட்டிப் போச்சு. அப்புறம் லாரிக்காரன் தொப்பியை மாட்டிக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிட்டான்.

நேரா வோண்டா கடைக்கு வந்தா கோரின். வோண்டா முதல்ல, “மீன் சூடா இருக்கு, சாப்பிடு”ன்னு மழுப்பினா. இவ விடல. கடைசியில வோண்டா கையைத் துடைச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்தா.

“தினமும் வரும் கண்ணு. நாங்க ஒதுங்கி வழி விட்டுருவோம். அது பாட்டுக்கு கல்லறை வரைக்கும் போகும், அவ்வளவுதான். யாரும் முந்திப் போயிறக் கூடாது. முன்னால எந்த வண்டி போகுதோ, அது பின்னாடியே போகும். அந்த வண்டி எந்த வீட்டு வாசல்ல இன்ஜினை அணைக்குதோ, அங்க இதுவும் நின்னுரும்.”

“நின்னா?”

“நான் சின்னப் பொண்ணா இருக்கையில ஒரு ரொட்டி விக்கறவன் சிரிச்சுக்கிட்டே முந்திப் போனான். அவன் வீட்டுல நாலு பேர். மறுநாள் போய்ப் பார்த்தா ஒருத்தர் இல்ல. ரத்தம் இல்ல, பிணம் இல்ல... ஆளுங்களே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே இது இங்க திரும்பி வந்துருச்சு.”

கோரினுக்கு மயிர்க்கூச்செறியுது. ஆனா கை என்ன பண்ணுது? படிவத்தை எடுக்குது.

“வோண்டாம்மா, இதுக்கு இருபதுக்கு இருபது போடுவேன் நான்! பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க உங்க ஊருக்கு.”

“வருவாங்கடி என் ராசாத்தி. அதுல ஒரு கிறுக்கன் முந்திப் போவான். அவன் வீட்டுல எத்தனை பேரோ! எழுதாத. எங்க ஊர் நாசமாப் போனாலும் பரவாயில்ல.”

கேட்டாளா? படிச்சவளாச்சே. ஒரு படம் மட்டும் எடுத்து வெச்சா ஆபீஸ்ல நம்புவாங்கன்னு நெனச்சிருக்கா. எல்லா வண்டியும் ஒதுங்கி நிக்கிற படம், முன்னாலிருந்து எடுத்தது. நாலாம் நாள் அஞ்சே முக்காலுக்கு அந்த ரோட்டுல இன்ஜினை ஓட விட்டுக் காத்திருந்தா. சரளைச் சத்தம் கிட்ட வந்துச்சு... மெல்ல வண்டியை நகர்த்தினா. அதுக்கு முன்னால.

கண்ணாடியில பார்த்தா. மஞ்சள் விளக்கு. ரெண்டு ரெண்டா, ஏழு ஜோடி. கழுத்தைத் திருப்பிப் பார்த்தா வெறும் ரோடு. மறுபடி கண்ணாடி... ஏழு ஜோடி.

வேகம் கூட்டினா. எழுபது மைல்ல போறா, விளக்கெல்லாம் அதே தூரத்துல, அதே மாதிரி ஆடாம அசையாம வருது. ஊருக்குள்ள அத்தனை பேரும் அவளுக்கு ஒதுங்கி நின்னாங்க. வோண்டா கடையை விட்டு ஓடி வந்தா. ஒரு கை வாயைப் பொத்தியிருக்கு, இன்னொரு கை ஆடுது. போ... போ... நிறுத்தாத.

ரெண்டு மணி நேரம் ஓட்டி நம்ம ஊர் முனை வரைக்கும் வந்துட்டா. வீட்டுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டா. கண்ணாடியில பின்னாடி விளக்கு ஒண்ணு சிமிட்டுச்சு... அதுக்குப் பின்னாடி அடுத்தது... ஏழும் வரிசையா இடது பக்கம் சிமிட்டுது. கோரின் இண்டிகேட்டரை அணைச்சுட்டு நேரா போயிட்டா.

பதினோரு நாள். இன்ஜினை அணைக்காமலே பெட்ரோல் போடறது, வயல்வெளியில ஸ்டியரிங்ல தலையை வெச்சுக் கண்ணசரறது. தினமும் லீலண்டுக்கு ஃபோன். அவன் அழுவான், “வந்துருடி. வர்றது வரட்டும்.” அவ சொல்லுவா, “நம்ம தெருவுல குழந்தைங்க இருக்குங்க.”

இங்க என் வீட்டுல கூடியிருக்கிற நீங்கல்லாம் என்ன பேசினீங்க? ரெண்டு பேருக்கும் ஒத்துக்கலை, அதான் லீலண்ட் ஆத்துக்கு அந்தப் பக்கம் வேட்டைக் குடிசையில போய் தனியா கிடக்கான்னு பேசினீங்க. வாய் கூசலையா உங்களுக்கு? சுத்தி நாலு மைலுக்கு ஆள் இல்லாத இடமாப் பார்த்துப் போனான் அந்த மனுஷன். அவளுக்கு வழி சொன்னான். நான் இருக்கேன், நான் மட்டும்தான் இருக்கேன், வான்னு கூப்பிட்டான். எனக்கே நேத்துதான் ஃபோன்ல எல்லாத்தையும் சொன்னான்.

இன்னைக்கு மத்தியானம் எட்னா செஞ்ச கோழிச் சோத்தைத் தூக்கிக்கிட்டு அங்க போனேன். அவ இன்னும் வந்திருக்க மாட்டா, ஒரு வாய் சாப்பிட வெச்சு அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துரலாம்னு நெனச்சேன்.

வாசல்ல அவ கார் நின்னுச்சு. இன்ஜின் மூடியைத் தொட்டேன்... சூடு. உள்ள ரெண்டு தட்டு. சோளரொட்டி பாதி கடிச்சபடி கிடக்கு. ரெண்டு நாற்காலியும் பக்கத்துல பக்கத்துல இழுத்துப் போட்டிருக்கு. கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வெளிய வந்தா முற்றத்துப் புல்லு ஏழு இடத்துல அமுங்கிக் கிடக்கு.

அவ்வளவுதான், என் லாரியில ஏறி விழுந்தடிச்சுக் கிளம்பினேன். யோசிக்கவே இல்ல. அந்த ஒத்தை வண்டிப் பாதையில அதுக்கு முன்னால நான்தான் வெளிய வர்றேன்னு புத்தியில படவே இல்ல. பாலத்துக்கிட்ட நம்ம பாதிரியார் கார் எதிர்ல வந்துச்சு. எனக்கு ஒதுங்கி நின்னார்... தொப்பியைக் கழட்டினார்.

கண்ணாடியை அப்புறம்தான் பார்த்தேன்.

அழாத எட்னா. அப்படியே எங்கயாவது தொலைஞ்சு போயிரலாம்னுதான் இருந்தேன். சொல்லாம போனா எவளோடவோ ஓடிட்டேன்னு இந்த ஊரு சொல்லும். உன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன். பயப்படாதீங்க, வெளிய மழையில என் லாரி ஓடிக்கிட்டேதான் இருக்கு. சாவியைத் தொடவே இல்ல நான். பெட்ரோல் கால் டேங்க் இருக்கு.

மழை விட்டுருச்சு போல...

என்ன இது, சத்தமே காணோம்? ரூஃபஸ், நீதானே கடைசியா உள்ள வந்த? என் லாரி ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?

“இருந்துச்சுண்ணே. பெட்ரோல் வீணாப் போகுதேன்னு நான்தான் அணைச்சுட்டு வந்தேன்.”