சாருஜா நட்ட புல்

இல்ல சார், காலையில பாத்தீகளே, அந்தக் கட்டடமெல்லாம் இந்த மூணு வருசத்துல வந்ததுதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அங்கன தண்ணி தெறிக்கும். நான் யுனிவர்சிட்டிக்கு இந்தப் போட்டை ஓட்ட ஆரம்பிச்சு எட்டு வருசமாச்சு. பெஞ்சமின்னா தங்கச்சிமடத்துல எல்லாருக்கும் தெரியும்.

அப்பல்லாம் கடல் ஆராய்ச்சிக்குன்னு இருந்தது ஒரு ரூமு, ரெண்டு வாளி, ஒரு மைக்ராஸ்கோப்பு. அதுவும் பக்கத்து டிபார்ட்மெண்ட்ல இரவல். ஹெட்டு சாலிஹா மேடம்தான். வருசா வருசம் பணம் கேட்டு எழுதுவாக, வருசா வருசம் இல்லைன்னு பதில் வரும். அந்தம்மா சிரிச்சிக்கிட்டே அடுத்ததை எழுத உக்காந்துருவாக.

இப்ப பீரோ தண்டிக்கு ஒரு மிஷினு வந்திருக்கு, அதுக்கு ராப்பகலா ஏசி. வெயில் நாள்ல பாருங்க, வாத்தியாருமாருக்கெல்லாம் அந்த மிஷினுகிட்டத்தான் வேலை. பிசிக்ஸ்காரரு ஒருத்தரு, போட்டுல கால வச்சாலே வாந்தி எடுப்பாரு, அவரும் கடல்புல்லைப் பத்தித்தான் ஆராய்ச்சின்னு எழுதிக் குடுத்திருக்காராம்.

எப்படி வந்துச்சுன்னா கேக்குறீக? ஒரு பொண்ணால சார். சாருஜான்னு பேரு. மண்டபம் அகதி முகாம்லயே பிறந்து வளந்த சிலோன்காரப் பிள்ளை, எம்எஸ்சி படிக்க வந்துச்சு. மீன்பிடிக்கிற நாங்க இழுவை மடி வலை போட்டு இழுத்து இழுத்து, கடலுக்கடியில இருந்த புல்லெல்லாம் வழிச்சு எடுத்துட்டோம்ல, அந்த எடம் மொட்டையாக் கெடந்துச்சு. புல்லு இல்லன்னா மீன்குஞ்சு எங்க போயி இருக்கும்? இந்தப் பிள்ளை மூங்கில் சட்டத்துல கயிறு கட்டி, கயித்துல புல்நாத்தை முடிஞ்சு, முங்கிப் போயி நட்டுச்சு. மேடமே நம்பல, நான் சிரிச்சேன். முத வருசம் நீரோட்டம் அள்ளிட்டுப் போச்சு. ரெண்டாவது வருசமும் போச்சு. மூணாவது வருசம் நின்னுச்சு சார். நின்னு பரவுச்சு. அதை எழுதி அனுப்பித்தான் உங்க ஆபீஸ்ல இருந்து மொதத் தொகை வந்துச்சு. அடுத்த வருசம் அதுல ரெண்டு மடங்கு. அப்புறம் கேக்கணுமா.

ஆனா காகிதத்துல அந்தப் பிள்ளை தினக்கூலி உதவியாளு. குடியுரிமை இல்லைல, வேற எதுலயும் போட முடியாதாம். இந்தத் தடவைதான் பணம் கேட்டு எழுதுனதுல மேடம் தன் பேருக்குக் கீழேயே அதும் பேரை எழுதிருக்காக. எடுத்துருங்க, மொத்தப் பணமும் நின்னு போயிரும்னு அத்தனை பேரும் சொல்லிப் பாத்தாக. நான் டீசல் பில்லுல கையெழுத்து வாங்கப் போனவன், வாசல்ல நின்னு கேட்டேன். மேடம் ஒண்ணுதான் சொன்னாக: நட்டவ பேரு இல்லாம எனக்கு அந்தப் பணம் வேணாம்.

அதான் நீங்களே நேர்ல வந்துட்டீக. இன்னைக்கு அந்தப் பிள்ளையைப் போட்டுக்கு வரவேணாம்னு மேடம்தான் சொல்லிட்டாக, நீங்க ஆளைப் பாக்காம புல்லை மட்டும் பாக்கணுமாம். எனக்குத் தெரியும் சார், இது உங்க ஒருத்தரு கையில மட்டும் இல்ல. கண்ணால பாத்ததை எழுதுங்க, போதும்.

என்னது, அந்தப் பிள்ளை எனக்கு என்ன ஒறவுன்னா?

எம்மருமக சார். என் மகன் ஜோஸ்வினைக் கட்டிருக்கு. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டாக, நான் போகல. முகாம் பொண்ணு நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னவனே நான்தான். ரெண்டு வருசமா ரெண்டு பேரையும் வாசப்படி ஏத்தல. ஆனா தினம் இதே போட்டுலதான் என்கூட வருது. ஆழம் எத்தனை பாகம்னு கேக்கும், சொல்லுவேன். நீரோட்டம் எப்படின்னு கேக்கும், சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

இன்னைக்குச் சாயங்காலம் போயி ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிடப் போறேன். நீங்க என்ன எழுதுனாலும் சரி.

அந்தா, பச்சையாத் தெரியுது பாருங்க, அங்கன இருந்து அதோட புல்லுதான். நான் போட்டைப் பிடிச்சிக்கிறேன், நல்லாக் குனிஞ்சு பாருங்க.