இன்னும் கொஞ்சம் கூட்டு

காலை பத்து இருபதுக்கு டீ போடுவேன். மற்றவர்கள் பதினொன்றுக்குத்தான் வருவார்கள். அதுவரை ஸ்டுடியோவில் நான் மட்டும்.

நீங்கள் ஸ்லேட் ரோ இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள். ஒரே பாட்டில் முப்பத்து நான்கு கிட்டார்கள் எதற்கு என்று கேட்டீர்கள். இருபது ஆண்டுகளாக எல்லோரும் கேட்பதுதான். போதை என்கிறார்கள். புகழ் தலைக்கேறியது என்கிறார்கள்.

அவர்களுடைய முந்தைய ஆல்பத்துக்கும் நான்தான் ஒலிப்பதிவாளர். நாடே முணுமுணுத்த பாட்டின் தொடக்க மெட்டு என்னுடையது. குழுவின் கிட்டார் கலைஞன் டெக்லன் ஹாய்ல் கிட்டாரோடு தடுமாறிக்கொண்டிருந்தபோது பியானோவில் வாசித்துக் காட்டினேன். விருது மேடையில் அவன் நன்றி சொன்னான்.

"நம்ம கிரஹாம் இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல. டீ அப்படிப் போடுவான்."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டெக்லனின் அம்மா பர்ன்லி ஊரில் தறி மில்லில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மகன் அவருக்காக வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் பேசுவான். அவனுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மூன்றாவது ஆல்பம் தொடங்கிய அன்று, அவன் ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் அவனே எல்லைக் கோடாக ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினான். குமிழ் என் மேசையில் இருந்தது.

"நான் என்ன கத்துனாலும் இந்தக் கோட்டைத் தாண்டாத. போதையில கெஞ்சுவேன், கேக்காத. எங்கம்மா மாதிரி ஆயிடுவேன்டா."

சத்தியம் செய்து கொடுத்தேன். பன்னிரண்டு வாரமும் காப்பாற்றினேன். அவன் கெஞ்சினான், திட்டினான், "இன்னும் கொஞ்சம் கூட்டு, கிழவா" என்றான். நான் டேப்பைக் காட்டுவேன். எட்டிப் பார்த்துச் சமாதானமாவான்.

சத்தத்தில் ஊறிய காதுக்குக் கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். அவனுக்குக் கிட்டார் மழுங்கலாகக் கேட்டது. அதன்மேல் இன்னொன்று வாசித்தான். அதுவும் மழுங்கல். முப்பத்து நான்கு அப்படி வந்தது. ஆல்பம் வெளியானபோது பாதிப் பேர் பிரம்மாண்டம் என்றார்கள், மீதிப் பேர் தகரக் கூரையில் ஆலங்கட்டி என்றார்கள். எங்கள் தெரு மதுக்கடையில் ஒரு தபால்காரரும் அவர் மைத்துனரும் அதற்காக மூக்கை உடைத்துக்கொண்டார்கள். இரண்டு கட்சியும் கேட்டது ஒருவன் செவிடாவதைத்தான்.

குமிழ் ஒருநாளும் கோட்டைத் தாண்டவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டேப்பைத்தான் சத்தம் கூடும் பக்கம் நகர்த்தினேன். தினமும் பத்து இருபதுக்கு, தண்ணீர் கொதிக்கும் நேரத்தில், ஒரு மயிரிழை. ஞாயிறு விடுமுறை.

காதுக்குள் விசில் அடிக்கிறது என்று ஐந்தாவது வாரம் சொன்னான். களைப்பு என்றேன். அடுத்து வந்த உலகக் கச்சேரிப் பயணம் மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பல்ல.

இப்போதும் வியாழக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறான். வாயை அகலத் திறந்து அவனோடு பேசும் பொறுமை எனக்குத்தான் இருக்கிறது. தன்னைக் காப்பாற்றப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரிடமும் சொல்கிறான். யோசித்தால், அதில் தவறில்லை.

போன வாரம் அந்த இசைத்தட்டைப் போடச் சொன்னான். போட்டேன். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கியதால் சத்தத்தைக் குறைத்தே வைத்தேன். அவன் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டான்.

"கையில ஒண்ணும் வரலையே. இன்னும் கொஞ்சம் கூட்டு, கிரஹாம். இனிமே கோடு எதுக்கு?"