ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் புகை

இல்லக்கா, நீங்க நகர வேணாம். உங்க மேல காலைப் போட்டுட்டாளேன்னுதான் பார்த்தேன். இருங்க, ஷூவைக் கழட்டிடறேன். பஸ்ல ஏறித் தூக்கம் வந்துட்டா இவளுக்கு ஊரே மெத்தைதான்.

அந்தச் சத்தமா? குறட்டை இல்லக்கா அது. நெஞ்சுல இருந்து வர்றது. எல்லாரும் முதல்ல குறட்டைன்னுதான் நினைப்பாங்க, இத்துனூண்டு பொண்ணு கிழவன் மாதிரி குறட்டை விடுதேன்னு சிரிப்பாங்க. வீசிங். இப்ப பரவால்ல. இந்த மாதிரி விசில் அடிச்சிட்டிருந்தா எனக்குப் பயமில்ல. திடீர்னு சத்தம் நின்னுச்சுன்னாதான் எனக்கு உயிரு போயிடும்.

வயசா? நாலு முடியப் போகுது. ஆமா, எல்லாரும் மூணான்னுதான் கேட்பாங்க. மூச்சு விடறதுக்கே பாதித் தெம்பு போயிடுதே, எங்க வளர்றது. ஆனா வாய் மட்டும் நாப்பது வயசு. அந்த ஆவி மெஷினோட மூடியை மூஞ்சில வெச்சா, நான் விமானம் ஓட்டறேன், யாரும் பேசாதீங்கம்பா. அவங்க தாத்தா உடனே, பைலட்டம்மா எனக்கு ஒரு டீ சொல்லுங்கன்னுவார். மெஷின்குள்ள இருந்தே முறைப்பா.

எங்க வீடு ஆத்தங்கரைலக்கா. கரியை எரிச்சுக் கரன்ட் எடுப்பாங்கல்ல, அந்த ப்ளான்ட்டோட குவார்ட்டர்ஸ். எங்க வீட்டுக்காரர் அங்கதான் பாய்லர் பார்த்தார். மாமனார் அவருக்கு முன்னாடி அங்கயே கரி இறக்கற இடத்துல இருந்தார். அதை இறக்கி இறக்கி அவர் நெஞ்சும் போச்சு, இப்ப படுக்கைதான். ஆத்துக்கு நேர் எதிர்ல இன்னொரு ப்ளான்ட்டு இருக்கு. அது எங்களுது இல்ல. ஆறுதான் எல்லை, அந்தப் பக்கம் வேற மாநிலம். வேற அரசாங்கம், வேற சட்டம். நின்னு கூப்பிட்டா கேட்கற தூரம்தான்.

என்னது? ம், அதேதான். பூமி சூடாகுதுன்னு எங்க மாநிலத்துல சட்டம் போட்டாங்களே, நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு ப்ளான்ட்டும் வருஷத்துக்கு இவ்வளவுதான் புகை விடலாம்னு ஒரு பங்கு. வருஷா வருஷம் பங்கைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. பங்கு தீர்ந்துச்சுன்னா பாய்லரை அணைச்சுட்டுச் சும்மா உக்காரணும். ரேஷன் மாதிரின்னு வெச்சுக்கங்களேன், சக்கரைக்குப் பதிலா புகை.

ஐயோ, நான் அதுக்கு எதிரி இல்லக்கா. அந்தச் சட்டம் வேணும்னு கையெழுத்து வாங்கினதே நாங்கதான், எங்க தெருப் பொம்பளைங்க. இவளை இடுப்புல வெச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கினேன். புருஷன் வேலை பார்க்கற இடத்தை மூடச் சொல்லி பொண்டாட்டி கையெழுத்து வாங்கறா, சும்மா விடுவாங்களா? ஷிஃப்ட்ல அவரை ஓட்டியிருக்காங்க, பாய்லரை அணைக்க நீ எதுக்குடா, உன் வீட்டுக்காரியை வரச் சொல்லு, ஊதியே அணைச்சுடுவான்னு. அவர் வீட்டுக்கு வந்தார். இவ நெஞ்சுல காதை வெச்சு ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் பேனாவைக் குடு, நானும் போடறேன்னார்.

நல்ல மனுஷன்க்கா. இப்பவும் நல்ல மனுஷன்தான்.

அப்புறம் என்ன, வருஷக் கடைசி ஆனா பங்கு தீர்ந்துடும், எங்க புகைபோக்கி அமைதியா நிக்கும். ஓய்வு மாசம்னு நாங்களே அதுக்குப் பேர் வெச்சோம். வருஷம் பூரா சாத்தியே கிடக்கற சன்னலை எல்லாம் அப்பத்தான் திறப்போம். மெத்தை, தலகாணி, போர்வை, எல்லாம் வெளில. பிள்ளைங்களைச் சாயங்காலம் பூரா ஆத்தங்கரைல ஓட விட்டோம். நல்ல காத்து வாங்கட்டும்னு. இவளைத் தொட்டிலோட தூக்கிட்டு வந்து சன்னல் ஓரமா போட்டேன்க்கா, நானே.

அந்த மாசம்தான் ஆஸ்பத்திரில எங்க தெருப் பிள்ளைங்க கூட்டம். பனின்னு நினைச்சோம். அடுத்த வருஷமும் அப்படியே. டாக்டரம்மா கேட்கறாங்க, வருஷக் கடைசில மட்டும் நீங்க எல்லாரும் சொல்லி வெச்சு வர்றீங்களான்னு.

அதைத்தான் சொல்ல வர்றேன். பாய்லர் நின்னா என்ன, வீட்ல லைட்டு எரியாம இருக்கா? ஃபேன் சுத்தாம இருக்கா? அந்தக் கரன்ட் எங்க இருந்து வரும்? ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்துதான். அவங்களுக்குத்தான் பங்கும் கிடையாது, கணக்கும் கிடையாதே. நாங்க அணைக்க அணைக்க அவங்க ரெண்டு மடங்கு எரிச்சிருக்காங்க. வருஷக் கடைசில காத்தும் அங்க இருந்து இங்கதான் அடிக்கும். நாங்க சன்னலைத் திறந்து வெச்சு, வா வான்னு கூப்பிட்டிருக்கோம். ஒரே வீட்ல ஒரு அடுப்பை அணைச்சுட்டு இன்னொரு அடுப்புல எல்லாத்தையும் ஏத்தினா புகை குறைஞ்சுடுமா, நீங்களே சொல்லுங்க.

முதல்ல கண்டுபிடிச்சது மாமனார்தான். படுத்த இடத்துல இருந்து அவருக்கு ஆறு ஒண்ணுதானே தெரியும். ஏம்மா, பாலத்துல செக்போஸ்ட் போட்டு லாரியை எல்லாம் நிறுத்தறாங்களே, காத்தையும் நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்ப்பாங்களான்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

கேட்காம இருப்போமா? போய்க் கேட்டோம். ஆபீசர் நல்லாத்தான் பேசினார். நாற்காலி போட்டு உக்கார வெச்சார். ரெண்டு மாநிலமும் பேசிக்கிட்டிருக்காங்கம்மா, அவங்களும் இதே சட்டத்துல சேர்ந்துடுவாங்க, அடுத்த வருஷம் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே கணக்குன்னார். பொய் சொல்லல அவர். நிஜமாவே பேச்சு நடந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் தேர்தல் வந்துச்சு, ஆட்சி மாறிச்சு. எங்க மக்கள் வேலையை விட்டுக் குடுக்க மாட்டோம்னு வந்தவங்க சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? அங்கயும் பாய்லர் பார்க்கறவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கும்ல.

அதுக்குள்ள பங்கைக் குறைச்சுக் குறைச்சு எங்க ப்ளான்ட்டை மொத்தமா மூடியாச்சு. பெரிய கூட்டம் போட்டாங்க. கடைசி பாய்லரை அணைச்சது எங்க வீட்டுக்காரர். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்க்கா. இவளும் தோள்ல உக்காந்து தட்டினா. அப்பா ஜெயிச்சுட்டார்னு நினைச்சுக்கிட்டா போல.

இப்ப வேலையா? இருக்கு, இருக்கு. பாய்லர் தெரிஞ்சவங்க வேணும்னு அந்தப் பக்கத்துல கூப்பிட்டாங்க. அதிகமா எரிக்கணும்ல, ஆள் பத்தல. இவருக்கு வேற என்ன தெரியும்? சோலார்ல வேலை தர்றோம்னு சொன்னாங்க, பேரை எழுதிக்கிட்டுப் போனாங்க, இன்னும் எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. அதனால தினம் பாலத்தைத் தாண்டிப் போறார். எங்க சமையல்கட்டு சன்னல்ல நின்னா அந்தப் புகை தெரியும். அவர் ஷிஃப்ட்ல இருக்கும்போது நான் அதைப் பார்க்கறதில்ல.

சண்டையா? சண்டை போட்டாலாவது பரவால்லக்கா. வந்ததும் நேரா குளிக்கப் போயிடுவார். தலை, காது, நகக்கண்ணு, எல்லாம் தேய்ச்சுத் தேய்ச்சு. இவ கதவுகிட்ட உக்காந்து, ப்பா வந்துட்டியா, ப்பா வந்துட்டியான்னு தட்டிக்கிட்டே இருப்பா. குளிக்காம தொட மாட்டார். ஒரு நாள் ரொம்ப நேரம் தண்ணிச் சத்தமே இல்ல. நான் கேட்கல, என்ன ஆச்சுன்னு.

போன மாசம் டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னொரு பனிக்காலம் இங்க தாங்காது, மேல எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு. நாத்தனார் மலைல இருக்காங்க. காத்து நல்லா இருக்கும். அங்கதான் போயிட்டிருக்கோம்.

மொத்தமாப் போயிடலாம்தான். ஆனா மாமனாருக்கு அந்த உயரம் ஆகாதாம்க்கா. அவர் நெஞ்சு தாங்காது, பாதி வழிலயே போயிடுவார்னாங்க. இவளுக்கு எது மருந்தோ அது அவருக்கு விஷம். அவரே சொன்னார், என்னை எங்கயாச்சும் சேர்த்துட்டு நீங்க போங்கம்மா, நான் என்ன பைலட்டான்னு. சொல்லிட்டு மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கப் பார்த்தார். முடியல. திரும்பறதுக்கே ஆள் பிடிக்கணும் அவருக்கு. நான்தான் பிடிச்சுத் திருப்பி விட்டேன்.

அப்படி ஒருத்தரை எங்கக்கா கொண்டு போய்ச் சேர்க்கறது.

நாத்தனார் தங்கம்க்கா. அவங்க பிள்ளைங்களும் பாசமா இருக்கும். போன தடவை போனப்ப இவ அவங்க மடியை விட்டு இறங்கவே இல்ல. அவங்க அவ்வளவு நல்லவங்களா இருக்கறதுதான் எனக்கு என்னமோ பண்ணுது. இவளுக்கு இப்ப நாலு வயசுகூட இல்லல்ல? இந்த வயசுல நடந்தது எல்லாம் பெரிசானா ஞாபகம் இருக்குமாக்கா? உங்களுக்கு இருக்கா?

ம்.

சரி, சரி, ஸ்டாப் வரப் போகுது. அக்கா, நீங்க வேலையை முடிச்சுட்டு நாலு மணி பஸ்லதான் திரும்புவீங்களா? நானும் அதுலதான். இல்லக்கா, இவ இல்ல, நான் மட்டும். இவகிட்ட இன்னும் சொல்லல. அத்தை வீட்ல விளையாடப் போறோம்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். எங்க ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்குன்னு ஆகற வரைக்கும், இல்ல இவ நெஞ்சு கொஞ்சம் கெட்டிப்படற வரைக்கும், அங்க இருக்கட்டும். எது முதல்ல வருதோ.

ஒரு உதவி பண்றீங்களா? திரும்பும்போது என் பக்கத்துலயே உக்காருங்க. என்னைச் சன்னலோரமா தள்ளிட்டு நீங்க இந்தப் பக்கம். பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி நான் எழுந்திரிப்பேன்னு நினைக்கறேன். தண்ணி வாங்கணும், காசு விழுந்துடுச்சு, என்னமாச்சும் சொல்லுவேன். நம்பாதீங்க. வழி விடாதீங்கக்கா.