காற்று என் முகத்துக்கு நேரே

"என் வேட்டக் கோட்டு இருக்கிற வீட்டுல பன்றிக்கறி பொரிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? மான் என்ன, மூக்க வீட்டுல வச்சிட்டா காட்டுக்கு வரும்?"

"பசிச்சா பொரிக்கத்தான் செய்வேன். உன் கோட்ட கொண்டுபோய் சர்ச்சுல தொங்க விடு."

"வார்ல எல்லாம் புகை ஏறியிருக்கு. மோந்து பாரு, ஆர்டிஸ்! நீயே மோந்து பாரு!"

"மோந்தாச்சு. எனக்கு லைலாக் சென்ட்டுதான் அடிக்குது. அது மட்டும் மானுக்குப் பிடிக்குமாக்கும்?"

டெபுடி, எனக்கும் என் தம்பி டெல்மருக்கும் கடைசியாக எப்போது சண்டை வந்தது என்று கேட்டீர்களே, இதுதான் அது. இரண்டு வருடத்துக்கு முன்பு, அக்டோபர் மாதக் கடைசித் திங்கட்கிழமை, பன்றிக்கறியால் வந்த சண்டை. எங்கள் பக்கத்தில் வில் வேட்டைக் காலத்தில் பாதி வீடுகளில் இந்தச் சண்டை நடக்கும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். உங்கள் அப்பா ஒரு வருடம் உங்கள் அம்மாவைக் கார் கொட்டகையில் சமைக்க வைத்தது எனக்குத் தெரியும்.

லைலாக் என்று நான் சொன்னதும் என் தம்பிக்குக் காது சிவந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குக் காது சிவப்பதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. தீவனக் கடையில் கல்லாவில் உட்காரும் ஐவலீ போடுகிற சென்ட் அது. புருஷனைப் புதைத்து ஒரு குளிர்காலம் கூடக் கழியவில்லை, அவள் வீட்டு வாசலில் எங்கள் வண்டி வாரத்துக்கு மூன்று நாள் நின்றது. யாரும் வந்து சொல்லவில்லை. என் அடுப்படி ஜன்னலிலிருந்து நாற்சந்தி தெரியும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் தீவனக் கடை, வலப்பக்கம் திரும்பினால் ஐவலீ.

"ஆமா, அவ சென்ட்டுதான். அவளக் கட்டிக்கப் போறேன். சீசன் முடிஞ்சதும்" என்றான்.

எங்கள் ஊர் ஆண்கள் கல்யாணமோ குடலிறக்க ஆபரேஷனோ, எதுவானாலும் மான் சீசனுக்குப் பிறகுதான் வைத்துக்கொள்வார்கள். அதனால் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் குறித்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா எழுதி வைத்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீடும் நிலமும் டெல்மருக்கு. டெல்மர் பெண்டாட்டி கொண்டுவரும் நாள் வரைக்கும் ஆர்டிஸ் அங்கே இருந்துகொள்ளலாம். அப்பா கெட்டவர் இல்லை. அதற்குள் என்னையும் ஒருத்தன் கொண்டுபோயிருப்பான் என்று நம்பினார், அவ்வளவுதான். அம்மா செத்தபோது எனக்குப் பதினேழு வயது, டெல்மருக்குப் பதினொன்று. அவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துத் தைத்தே எனக்கு அப்போது அறுபத்துநாலு ஆகியிருந்தது.

நான் போய் எங்கே இருப்பேன் என்றும் அவன் விசாரித்து வைத்திருந்தான். சீஸ் ஆலைக்குப் பின்னால் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கிறார்களே, அதில் ஓர் அறை. "சூடாக்குற செலவு கூடக் கிடையாது. நல்ல எடம்" என்றான். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். நல்ல இடம்தான். சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். ஆலையின் குளிர்கிடங்குச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். பாதை இல்லை, வண்டி இல்லை, யார் எங்கே போகிறார்கள் வருகிறார்கள் என்று ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஜன்னலை மூடினேன். சாவி கொடுத்த பெண், "பழகிடும், எல்லாருக்கும் பழகிடுது" என்றாள். அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அவன் சாமான் எல்லாவற்றையும் துவைத்தேன். கோபத்தில் இல்லை. புகை நாற்றம் என்றானே, அதற்காக. மணமில்லாத சோப்பு, குளிர்ந்த தண்ணீர், வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய கொடி. கோட்டு, கால்சட்டை, குல்லாய், மரத்தில் உட்காரும்போது உடம்பைச் சுற்றிப் பூட்டுகிற பாதுகாப்பு வார், அதோடு வருகிற மிதிவார். மிதிவார் என்பது ஒரு சின்ன வளையம். பரண் சரிந்து ஆள் வாரில் தொங்கும்படி ஆனால், அதை மாட்டிக் கால் வைத்து நின்றுகொள்ள வேண்டும். காய்ந்ததையெல்லாம் காட்டு வாசனை ஏறட்டும் என்று ஓக் சருகு போட்ட பெட்டியில் அடுக்கி வைத்தேன். மிதிவார் அன்று ஈரம் உலராமல் கொடியிலேயே கிடந்தது. அதை நான் மறந்துவிட்டேன் என்று அப்போது உங்கள் மேலதிகாரி ஷெரீப்பிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க டெல்மர் வீட்டில் தங்கவில்லை. சாப்பாட்டுக்கு வருவான், தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவான், போய்விடுவான். நான் பேச வாயெடுத்தால் தொப்பியை எடுத்துக்கொள்வான். "மாடி ரூம் சும்மாத்தான கிடக்கு. நான் அங்க இருந்துக்கறேன். அவ கண்ணுலயே படமாட்டேன்" என்று வெள்ளிக்கிழமை சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீ? கண்ணுல படமாட்ட, சரி. காது? கதவுக்குப் பின்னால நின்னுட்டே இருப்பியே, ஆர்டிஸ். கல்யாணமானவன் வீடு, அது சரிப்படாது" என்றான்.

சொன்னது உண்மைதான். 

அவன் தனியாக, ஓடிப் போக முடியாமல் அகப்படுகிற இடம் ஒன்றுதான் இருந்தது. மரம். அதனால் சனிக்கிழமை நானே போனேன். மூன்று மணிக்கு அவன் கிளம்பினான். கைப்பேசியை எப்போதும்போல வண்டியில் போட்டுவிட்டுப் போனான். ஒருமுறை கொம்புக் கிளை பத்து உள்ள மான் நின்றபோது போன் சட்டைப்பையில் உறுமித் தொலைத்ததாம். அதிலிருந்து அப்படித்தான். நான்கு மணிக்கு நான் புறப்பட்டேன். கெஞ்சத்தான் போனேன். அதை நம்புங்கள். இறங்கி வருவான், வேலியோரமாக வீடு வரைக்கும் சேர்ந்து நடப்போம், அந்தச் சுவரைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்தேன்.

மானுக்குத் தெரியாமல் காட்டில் இருப்பது எப்படி என்று நாற்பது வருடம் அவன் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தினம் குளிக்க வேண்டும், சோப்பு மணக்கக் கூடாது. காற்று முகத்துக்கு நேரே அடிக்க வேண்டும். வானம் பின்னால் தெரிய நிற்கக் கூடாது, மரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிழலில் உட்கார வேண்டும். மான் தலையைக் குனிந்து மேயும்போது மட்டும்தான் அசையலாம். இதில் புதிதாக நான் கற்க ஒன்றுமில்லை. ஊரில் மனிதர்களிடம் நான் நடந்துகொள்வதும் இப்படித்தான். சென்ட் போடுவதை மட்டும் டெல்மர் சொல்லித்தான் நிறுத்தினேன்.

அவன் பரணிலிருந்து அறுபது அடி தள்ளி ஒரு தேவதாரு இருக்கிறது. கீழ்க்கிளை தரையைத் தொடும். அதற்கடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவன் இருபதடி உயரத்தில் இருந்தான். என்னை அவன் பார்க்கவில்லை. அவன் வேட்டையைக் கெடுக்கக் கூடாது என்று நானும் கூப்பிடவில்லை. வெளிச்சம் போகும் நேரத்தில் இறங்குவான், அப்போது பேசலாம்.

ஐந்து மணிக்குச் சற்று முன் அந்தக் கலைமான் வந்தது. இரண்டு இலையுதிர்காலமாக அவன் பேசிக்கொண்டிருந்த மான். டெல்மர் மெல்ல எழுந்து வில்லை இழுத்தான். பரண் தட்டை மரத்தோடு கட்டியிருந்த பட்டையை அணில் கடித்து வைத்திருந்தது. எந்த அணில் என்று கேட்காதீர்கள், அதில் எனக்குப் பங்கில்லை. தட்டு சாய்ந்தது. வில் கீழே விழுந்தது. மான் பறந்துவிட்டது. என் தம்பி முதுகு வாரில் தொங்கினான், மரத்துக்கு முதுகு காட்டி, கோழிக்கடையில் மாட்டியது போல.

முதலில் அவன் சிரித்தான். "போச்சுடா, கெழவா" என்று தன்னையே திட்டினான். ஏணிக்குக் கை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. கத்தி கிளையில் மாட்டிய பையில் இருந்தது. பிறகு தொடைப்பக்கப் பையில் கை விட்டுத் துழாவினான். ஒரு பை, அடுத்த பை, மறுபடி முதல் பை.

"அடியே ஆர்டிஸ், தொவச்சுட்டு எங்க வச்ச?" என்றான்.

அது என் மடியில் இருந்தது, டெபுடி.

நீங்கள் மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிற இரண்டு படத்தையும் திருப்பி வைக்கலாம். வேலிக் கம்பத்தில் மான் பார்ப்பதற்கென்று டெல்மர் கட்டிய, எது அசைந்தாலும் தானே படமெடுக்கிற கேமரா அது என்று பார்த்ததும் தெரிந்தது. நான்கு பத்துக்குப் போகிறேன், ஐந்து ஐம்பதுக்குத் திரும்புகிறேன். இரண்டிலும் கையில் மிதிவார். மறக்கவில்லை. வியாழக்கிழமையே காய்ந்துவிட்டது, மடித்து என் ஏப்ரன் பையில் வைத்திருந்தேன். சும்மா போய் நின்றால் வேவு பார்க்க வந்தேன் என்பானே. இதைக் கொடுக்க வந்தேன் என்று சொல்வதற்காகக் கொண்டுபோனேன்.

எழுந்து போய்க் கொடுத்திருக்கலாம். எழத்தான் நினைத்தேன். அப்போது அவன் கூப்பிட ஆரம்பித்தான். ஐவலீ பெயரைச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் உங்களிடம் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அவன் வீட்டுப் பக்கம் பார்த்து என் பெயரைத்தான் கூப்பிட்டான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவ்வளவு தடவை அந்த வருடம் முழுக்க அவன் என் பெயரைச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும் என்று இருந்தது. ஐந்து நிமிடம் போகட்டும், யார் வேண்டும் என்று அவனுக்கே புரியும், பிறகு போகலாம்.

வார் வாங்கியபோது கூடவே ஒரு காகிதம் வந்தது. டெல்மர் அதைப் படிக்கவில்லை. நான் படித்தேன். இந்த வீட்டுக்கு வந்த எதையும் நான் படிக்காமல் விட்டதில்லை, அடுத்தவர்களுக்கு வந்ததும் உட்பட. தொங்குகிறவனுக்கு ரத்தம் காலிலேயே தங்கிவிடும் என்று போட்டிருந்தது. மிதித்து நிற்காவிட்டால் அரை மணி நேரம், சிலருக்கு அது கூட இல்லை என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஆகையால் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

ஐந்து நிமிடம் போனதும் இன்னொரு யோசனை வந்தது. இப்போது வெளியே வந்தால், இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை என்று கேட்பான். கேட்டுவிட்டு இறங்குவான். இறங்கியவன் மனம் மாறுவானா? சீசனுக்குப் பிறகு என்று இருந்தது மறுநாளே என்றாகிவிடும். ஒவ்வொரு நிமிடமும் போகப் போக எழுவதற்குக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. இது உங்களுக்குப் புரியாது. சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து போகிறவர்களை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

ஒரு பெண்மான் வந்து அவன் காலுக்குக் கீழே ஓக் கொட்டை பொறுக்கியது. காற்று என் முகத்துக்கு நேரே இருந்தது, அதற்கு என்னைத் தெரியவில்லை. அதனால் நான் அசையவில்லை. மேலே அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். யாரிடமோ பேசுவதுபோல மெல்லச் சொன்னான்:

"நீ வருவ. சாப்பாடு ஆறிப்போச்சுன்னு திட்டிக்கிட்டே வருவ. எனக்குத் தெரியும்."

பிறகு கால்கள் இரண்டு தடவை உதைத்தன. பெண்மான் தலை நிமிர்ந்து பார்த்தது. அது மறுபடி குனிந்தபோதுதான் நான் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன், மரத்துப் போயிருந்தது.

அது போன பின் எழுந்தேன். வீட்டுக்கு வந்து மிதிவாரைக் கொடியில் போட்டேன். அடுப்பில் வைத்திருந்த உருளைக்கிழங்கும் கறியும் அடிப்பிடிக்கவில்லை. ஏழு மணிக்குப் பக்கத்து நிலத்து ஓரினைப் போனில் கூப்பிட்டு, டெல்மர் இன்னும் வரவில்லை, எனக்கென்னவோ பயமாக இருக்கிறது என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஓரின்தான் விளக்கு எடுத்துக்கொண்டு போய் அவனைக் கண்டுபிடித்தார். அடக்கம் முடிந்து சர்ச்சுக் கீழறையில் வந்தவர்களுக்கு ஆறு வகைச் சாலட் வைத்திருந்தார்கள். ஐவலீ என்னைக் கட்டிக்கொண்டு, "மிதிவார மறந்துட்டேன்னு உங்களையே நொந்துக்காதீங்க, ஆர்டிஸ். அது யாருக்கும் நடக்கும்" என்று அழுதாள். பாவம், துக்கத்துக்கு வந்த இடத்திலும் அந்த லைலாக்கைப் போட்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். அடுத்த வசந்தத்தில் அவள் ஓரினைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஆச்சரியமில்லை, ஓரின் வண்டி ஜனவரியிலிருந்தே வலப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓரின் நிலத்தை விற்றுவிட்டு இருவரும் போன வாரம் அரிசோனாவுக்குப் போனார்கள். போகும் முன் இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த வேலியைப் பிரித்தபோது கேமரா கிடைத்ததாக்கும். என்னிடம் விடைபெற வரவில்லையே என்று யோசித்தேன், இதற்காகத்தான் போலிருக்கிறது. சீஸ் ஆலைக்குப் பின்னால் அந்த அறையில் இப்போது பழைய தபால்காரர் விதவை இருக்கிறாள், அவளும் மகளோடு போகப் போகிறாள் என்று கேள்வி. இந்த ஊரில் எல்லாரும் யாரையாவது விட்டுவிட்டுப் போகிறார்கள், டெபுடி. நான் அப்படியில்லை. அவன் பேச்சு நின்று, கால் நின்று, முழுவதும் அடங்கும் வரைக்கும் அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் ஓரடி நகரவில்லை. மற்றதோடு அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.